அட்மின் அழித்த படம்

'இந்தப் பதிவை அட்மின் மொய்னுதீன் நீக்கிவிட்டார்.'

விடிந்தும் விடியாத நேரத்தில் ஜெகதளா தேயிலை விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த ஒரு வரிதான் நின்றது. அதற்குக் கீழே கேள்விகள் குவிந்தன.

"என்ன படம்?"

"கதிர் போட்டான். நேத்து முதல் பஸ்ஸில போறப்போ எடுத்ததாம். வளைவுல, இலை வாங்கற ஏஜென்ட் ஜீப்ல யாரோ மூட்டை ஏத்தறாங்க."

"யாரு?"

"பனியில முகம் தெரியலையாம். நாம பார்க்கறதுக்குள்ள அட்மின் அழிச்சுட்டாரே!"

விஷயம் சின்னதல்ல. பச்சைத் தேயிலையின் விலை பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாத அளவுக்கு விழுந்து கிடந்தது. விலை ஏறும்வரை யாரும் இலை கொடுப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். மீறுகிறவருக்குக் குரூப்பில் இடமில்லை. ஃபேக்டரிக்கு இலை கொண்டுபோகும் பொது வண்டியிலும் இடமில்லை. வண்டி போனால் பிழைப்பே போன மாதிரி.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் ஆறுச்சாமி.

மொய்னுதீன் பஜாரில் உரக்கடையைத் திறந்ததும் ஆறுச்சாமி வந்து நின்றார். கூடவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் தேவநேசன்.

"ஏம்ப்பா மொய்னு, அந்தப் படத்தை எடு."

"அழிச்சுட்டேனுங்கண்ணா."

"எதுக்கு?"

"இலை விலை, வண்டி நேரம், உரம் வந்த தகவல். குரூப்ல வேற எதுவும் வேண்டாம்னு பேசித்தானுங்களே வெச்சோம்."

"ரோசாப்பூ படம் போட்டு குட்மார்னிங் சொன்னதுக்கு என் மச்சானை வெளிய தள்ளினவன் நீ. சரின்னு விட்டோம். இதென்ன ரோசாப்பூவா?"

மொய்னுதீன் மேஜையைத் துடைக்கத் தொடங்கினார்.

"கதிரைக் கேட்டா, அவனும் போன்ல அழிச்சுட்டானாம். ஏன்டான்னா வாயே திறக்க மாட்டேங்கறான். என்ன சொல்லி மிரட்டின?"

"மிரட்டலைங்கண்ணா. பேசினேன்."

"முந்தாநாள் ஊட்டில நாங்க உண்ணாவிரதம் இருந்து பட்டினி கெடக்கறோம். இங்க எவனோ நோகாம இலை பறிச்சு விக்கறான். அவனுக்கு நீ காவலு!"

தேவநேசன் அவர் தோளைத் தொட்டார். "அண்ணா, மெதுவா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினதை மறந்துட்டீங்களா?"

"காலைல மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நீ சும்மாயிரு." மறுபடி மொய்னுதீன் பக்கம் திரும்பினார். "ஆளு மூஞ்சி தெரிய வேண்டாம். மூட்டையை மட்டும் காட்டு. கட்டைப் பார்த்தே யாரு ஊட்டு இலைன்னு சொல்லிருவேன்."

சொல்லக்கூடியவர்தான். எல்லோருடைய இலையும் ஒரே வண்டியில் போவதால், எடை போடுமிடத்தில் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக மூட்டையின் வாயைக் கட்டுவார்கள்.

"இந்தத் தேவநேசன் ஊட்டு மூட்டைன்னா நீலக் கயிறு. செல்லையா ஊட்டுது கிழிஞ்ச லுங்கி. எனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்கண்ணா. அதனாலதான் காட்ட மாட்டேன்."

ஆறுச்சாமி மேஜையில் கையூன்றி முன்னால் சாய்ந்தார்.

"அப்ப, யாரையோ காப்பாத்தறே."

"ஆமாங்கண்ணா."

"பார்த்தியா தேவநேசா, வாயாலயே ஒத்துக்கிட்டான்! உனக்கென்னப்பா, நீ வியாபாரி. இலை உன்னுதா, செடி உன்னுதா? ஏஜென்டுகிட்ட எவ்வளவு வாங்கின?"

மொய்னுதீன் மேஜை மேல் இருந்த தராசுத் தட்டை நேராக வைத்தார். அவ்வளவுதான்.

"இனிமே உன் கடைல ஒரு பிடி உரம் வாங்கினா என் பேரை மாத்திக்கறேன். எவனையும் வாங்கவும் விட மாட்டேன்."

படியிறங்கும்போதே ஆறுச்சாமி போனை எடுத்தார். மேஜை மேல் கிடந்த மொய்னுதீனின் போன் மினுங்கியது.

'ஆறுச்சாமி வெளியேறினார்.'

'தேவநேசன் வெளியேறினார்.'

மதியத்துக்குள் 'உண்மையான ஜெகதளா தேயிலை விவசாயிகள்' என்று புதுக் குரூப் வந்துவிட்டது. பழைய குரூப்பில் மொய்னுதீனும், போனுக்கு ரீசார்ஜ் செய்யாத செல்லையாவும் மட்டும் மிஞ்சினார்கள். அன்று கடைக்கு ஒருவரும் வரவில்லை.

சாயங்காலம், கடையை அடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். ஆறுச்சாமியின் மனைவி அம்சவேணி.

"வாங்கக்கா."

அவள் வந்தாள். மூட்டை அடுக்கையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மொய்னுதீன் எழுந்து, மேல் தட்டிலிருந்து ஒரு சுருள் வெள்ளைக் கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இனிமே மூட்டையை இதுல கட்டுங்கக்கா. உங்க மாம்பழக் கலர் சேலைத் துணி, பனியிலயும் பளிச்சுன்னு தெரியுது."

அம்சவேணி கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவரோட நெஞ்சு மாத்திரை தீந்துபோயிருந்துச்சுங்க தம்பி. சொன்னா, போராட்டம் முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்னுடுவாரு. அதான் அவரு ஊட்டிக்குப் போன அன்னிக்கு நானே பறிச்சு..."

"விடுங்கக்கா. எனக்கும் கதிருக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலைல இங்க வந்து ரொம்பச் சத்தம் போட்டாருங்களா?"

"போட்டாரு," என்றார் மொய்னுதீன். "மாத்திரை நல்லா வேலை செய்யுதுங்கக்கா."