ஏப்பமும் எழுதப்படும்

“காலை 6.10, ஏப்பம். 6.25, இன்னொரு ஏப்பம். முந்தியதை விடப் பெரிசு.”

நோட்டை வாசித்த நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் எழுதியதைக் கேட்ட கருப்பம்மாளுக்கு மானமே போயிற்று.

தாயில்பட்டி பட்டாசு கம்பெனியில் இருபது வருஷம் வெடிமருந்து கலந்த மனுஷன் பெத்தணன். கை வெந்து கொப்பளித்தபோதுகூட வாய் திறக்காதவர். நிணநீர்ப் புற்றுநோய் வந்து, எந்த மருந்துக்கும் கழுத்துக் கட்டி மசியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தார். அன்று பிடித்தது புலம்பல்.

“உடம்புக்கு என்ன செஞ்சாலும் எழுதச் சொன்னாக, சரி. அதுக்காக என் ரசம் சப்புன்னு இருந்ததையுமா எழுதுவீக?”

“சப்புன்னுதான இருந்துச்சு.”

அவள் கவலை ரசமல்ல. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதை விட்டால் வேறு வைத்தியமும் இல்லை. அதனால்தான் ‘விரல் மரத்துப்போகுது’ என்று அவர் எழுதியிருந்த பக்கத்தை மட்டும், பஸ் விருதுநகரைத் தாண்டியதும் கிழித்து ஜன்னல் வழியே விட்டிருந்தாள்.

டாக்டர் பிரீத்திகா நோட்டை மூடினார். “வேற ஏதாச்சும் தொந்தரவு?”

“ஒண்ணுமில்லீங்க” என்று கருப்பம்மாள் முந்திக்கொண்டாள். “சும்மா செல்லங் கொஞ்சுறாக.”

“விரலு மரத்துப்போகுதும்மா” என்றார் பெத்தணன். “சட்டைப் பித்தான் போட முடியல. எழுதித்தான் வச்சிருந்தேன், பக்கத்தைக் காணோம்.”

டாக்டரின் முகம் மாறியது. “இன்னைக்கு ஊசி வேண்டாம். டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு, உங்களுக்கு இதைத் தொடரலாமான்னு சொல்றேன்.”

வராந்தாவுக்கு வந்ததும் கருப்பம்மாள் அழுதுவிட்டாள். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா? எடுத்துட்டாகன்னா உங்க உசுரு என்னாகும்? அதுகூடவா தெரியல?”

“தெரியும் புள்ள.” பெத்தணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “பட்டாசுக் கலவை ரூம்ல மருந்து லேசாச் சூடு காட்டுனாலே வெளிய வந்து சொல்லிரணும். மறைச்சா, அடுத்து உள்ள போறவன்தான் சாவான். இந்த மருந்து எனக்குக் கேக்குதோ கேக்கலியோ, எனக்கு அடுத்து வர்றவனுக்குத் தெரியணும்ல.”