ஏழாவது மாடிக்குச் செல்கிறது

அந்த அலுவலகக் கட்டடத்தின் காவலாளிக்குத் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு தலைவலி வந்துவிடும். ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வருவாள். இருவரும் லிஃப்டில் ஏழாவது மாடிக்குப் போவார்கள், இறங்குவார்கள், மறுபடியும் ஏறுவார்கள்.

ஒருநாள் அவர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "ஏம்மா, இது என்ன ராட்டினமா?"

"பாப்பாவுக்கு ஆட்டிசம்ண்ணே. வீட்ல தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. இங்க லிஃப்ட் 'கதவு மூடுகிறது'ன்னு சொன்னதும் எப்படிச் சிரிக்கிறா பாருங்க!"

காவலாளி இளகிவிட்டார். "பெத்தவ குரலைவிட மிஷின் குரல் உசத்தியாப் போச்சா? என்னத்தச் சொல்ல!"

அம்மா சிரித்துக்கொண்டே மறுபடியும் ஏழாம் எண்ணை அழுத்தினாள்.

மறுநாள் லிஃப்ட் பழுது. அது நகராதது கண்டு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டு அலறினாள். காவலாளி பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தார். அடுத்து விசிலை எடுத்தவர், அம்மா முறைத்ததும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அம்மா தரையிலேயே உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்: "கதவு மூடுகிறது. ஏழாவது மாடிக்குச் செல்கிறது."

அழுகை சட்டென்று நின்றது. குழந்தை எழுந்து வந்து அம்மாவின் உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

காவலாளி வாயைப் பிளந்தார். "அச்சு அசல் லிஃப்ட் மாதிரியே பேசுறீங்களேம்மா! எங்க கத்துக்கிட்டீங்க?"

"லிஃப்ட் கம்பெனிக்கு இதைப் பேசிக் கொடுத்ததே நான்தாண்ணே. அப்போ இவ என் வயித்துல ஏழு மாசம்."