பாடகருக்கு வலப்பக்கம்

அவள் வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்த பிறகுதான் பாடகர் ஆராவமுதன் சொன்னார்.

"வரதனுக்குக் காய்ச்சல். மிருதங்கத்துக்கு மெய்யப்பனைக் கூப்பிட்டிருக்கேன். அவர் லெஃப்ட் ஹேண்ட். நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்கோ."

இந்தப் பக்கம் என்றால் பாடகருக்கு வலப்பக்கம்.

வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம். கச்சேரி மேடையில் அதுதான் வழக்கம். மிருதங்கம் வாசிப்பவர் இடக்கைக்காரராக இருந்தால் மட்டும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மிருதங்கத்தின் கணீரென்று பேசும் தலை ரசிகர்களைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அவளைத் தவிர.

அவளுக்கு இடது காது கேட்காது.

பங்குனியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது போயிருந்தது. பார்க்காத வைத்தியம் இல்லை. நரம்பு செத்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

கணவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. சபா கான்டீனில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், காபி ஆறுவதற்குள் மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எல்லோரும் அன்பாக விசாரிப்பார்கள். ஒருவரும் வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள்.

வருடக்கணக்கில் காலி நாற்காலிகளுக்கு மத்தியானக் கச்சேரி வாசித்தவள். இந்த மார்கழியில்தான் சாயங்கால மேடை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரு ஜாஸ் குழுவோடு சேர்ந்து வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். தை பிறந்ததும் ஒரு நாடகத்துக்கு இசை. ஆராவமுதன் ஒரு முறை முகம் சுளித்தால் எல்லாம் போச்சு.

இதுவரை சமாளித்துவிட்டாள். இடப்பக்கம் உட்கார்ந்தால் நல்ல காது பாடகர் பக்கம் இருக்கும். அது போதும்.

மைக் வைத்துக்கொண்டிருந்தவரிடம், தனக்கு வலப்பக்கம் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கிடைக்குமா என்று கேட்டாள்.

"ரெண்டுதாம்மா இருக்கு. ஒண்ணு சாருக்கு, ஒண்ணு மிருதங்கத்துக்கு."

வயலினைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

திரை விலகியது.

வர்ணத்தையும் முதல் இரண்டு கீர்த்தனைகளையும் எப்படியோ ஒப்பேற்றினாள். தெரிந்த உருப்படிகள். விரல்களுக்கே வழி தெரியும். தாளத்துக்கு ஆராவமுதன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆலாபனையில்தான் மாட்டிக்கொண்டாள்.

என்ன ராகம் பாடப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. வயலின்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. பாடும்போது கூடவே போக வேண்டும். அவர் முடித்ததும் அதே ராகத்தைத் தனியாக வாசிக்க வேண்டும்.

வலது காது முழுக்கச் சுருதிப் பெட்டிதான் நிறைந்திருந்தது. அவர் குரல் அடுத்த வீட்டில் யாரோ பாடுவதுபோல வந்தது.

முகாரியா?

பைரவியா?

இரண்டும் அக்கா தங்கை மாதிரி. ஓர் அசைவில்தான் வித்தியாசம் தெரியும். அந்த அசைவுதான் அவளுக்கு எட்டவில்லை.

வில் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. ஆராவமுதன் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

கடவுளே, கடவுளே என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மயங்கி விழலாம். இத்தனை பேர் பார்க்க, பட்டுப்புடவையும் வயலினுமாக எப்படி விழுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போது முதல் வரிசையில் ஒரு தம்பதி கண்ணில் பட்டார்கள்.

ராகத்தின் பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் ரகம் அந்தக் கணவர். மனைவியிடம் சாய்ந்து சொன்னார். உதடு குவிந்து திறந்தது.

முகாரி.

மனைவி இல்லை என்று கையை அசைத்தாள். அவள் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. கடைசியில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டது.

பைரவி.

கணவர் விடவில்லை. மறுபடியும் உதட்டைக் குவித்தார். நாசமாய்ப் போக, இருவரும் ஒரே பதிலைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?

ஆராவமுதன் பாடி முடித்தார். அவள் பக்கம் கையைக் காட்டினார்.

கணவர் இப்போது தன் கட்சிக்கு ஆள் தேடிப் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கண்ணை மூடியிருந்தாள். பாட்டு நின்ற பிறகும் அந்த அம்மாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மனைவியை நம்பினாள்.

முதல் பிடியிலேயே தலைகள் அசைந்தன. கணவரின் முகம் தொங்கிப்போயிற்று.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. அதை விழுங்கிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்தாள். இவ்வளவு நன்றாக அவள் பைரவி வாசித்ததே இல்லை. முடித்தபோது கைதட்டல் வலது காதை நிறைத்தது.

பிழைத்துவிட்டோம் என்று வில்லை இறக்கினாள்.

ஆராவமுதன் மைக்கைக் கையால் மூடினார். அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார்.

நன்றாக வாசித்தால் பாடகர்கள் இப்படித்தான் சாய்வார்கள். பேஷ் என்பார்கள், பிரமாதம் என்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

பணிவாகச் சிரித்தாள். நன்றாகவே தலையாட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை.

அவர் பார்வை அவள் கண்ணில் இல்லை. கன்னத்தைத் தாண்டி, அவளுடைய இடது காதில் நின்றிருந்தது.

அவர் பாராட்டு சொல்லவில்லை, கேள்வி கேட்டிருக்கிறார் என்று மெல்லத்தான் அவளுக்கு உறைத்தது.

அதற்குள் தலையாட்டியாகிவிட்டது.