பிடித்திருந்த கை

1994இல் அன்புச்செல்வி தி.நகர் தையல் கடையொன்றில் வேலை பார்த்தாள். ரங்கநாதன் தெருவில் சங்கிலி பறிக்கிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்த சமயம். மாம்பலம் ஸ்டேஷனுக்கு அந்தக் கூட்டத்தில் நடக்கவே பயந்தாள்.

"இன்னாத்துக்குப் பயம்? நான் கீறேன்ல. கைய வுடவே மாட்டேன்," என்றாள் கூட வேலை பார்த்த பாஞ்சாலி. சொன்னபடியே தினமும் மாலையில் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

ஆடித் தள்ளுபடி வெள்ளிக்கிழமையன்று, பின்னாலிருந்து ஒருவன் அன்புச்செல்வியின் தாலிச்சங்கிலியை இழுத்தான். தடுக்கக் கையைத் தூக்கினாள். பிடித்திருந்த கை விடவில்லை. உதற உதற இறுகியது. சங்கிலி அறுந்தது. அவன் கூட்டத்தில் மறைந்தான்.

"கைய ஏங்க்கா வுடல?" என்று அழுதபடி திரும்பினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. பத்தடி தள்ளியிருந்த பூக்கடையிலிருந்து பாஞ்சாலி ஓடி வந்தாள்.

"இன்னாச்சு செல்வி? பூ வாங்கலாம்னு அப்பவே உன் கைய வுட்டுட்டனே!"

"எங்கிட்ட சொல்லவே இல்லியேக்கா."

அன்புச்செல்வி அவளை விட்டு விலகி ஸ்டேஷனுக்கு நடந்தாள். தனியாக ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிண்டி தாண்டிய பிறகுதான் அந்தப் பிடி ஒவ்வொரு விரலாக விலகியது.