இலையின் நுனி

அவர் காகிதத்தை மேஜைமேல் அடித்தார். தண்ணீர்த் தம்ளர் குதித்தது.

பக்கத்து மேஜையில் தோசை தின்றுகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

பார்க்கட்டும்.

கப்பல் நாளைக் காலை பினாங்கில் நிற்கும். இறங்குகிறவர்கள் எந்த பஸ்ஸில் ஏறப் போகிறார்கள் என்று இன்று பதினோரு மணிக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கோயிலுக்கு ஒரு பஸ். கடைவீதிக்கு ஒரு பஸ். கேமரன் மலைக்கு ஒரு பஸ்.

மலைப் பயணம்தான் நீளம். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். வழியெல்லாம் தேயிலை, அருவி, மூடுபனி. மதியச் சாப்பாடு மலைமேல் ஒரு வீட்டில், வாழை இலையில்.

அந்த வீட்டின் படமும் காகிதத்தில் இருந்தது. வாசலில் ஒரு பலகை. தமிழ் எழுத்து.

பாவாத்தாள் சமையல்.

பாவாத்தாள் அவருடைய அம்மா.

கீழே, விருந்து படைப்பவர் பெயர்: செல்லமணி.

அவருடைய தங்கை.

"பெத்தவ பேரைப் பலகைல எழுதி வெச்சுச் சோறு விக்கறா."

அவர் மனைவி சாரதாமணி ஒரு பப்பாளித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் என்னை இந்தக் கப்பல்ல ஏத்தீருக்கறே."

"உங்க எழுவதாவது பொறந்தநாளுக்குப் பையன் டிக்கெட்டுப் போட்டான். நான் கடலைப் பாக்க வந்தேனுங்க."

அவள் கடலைப் பார்க்கவில்லை.

முப்பத்தாறு வருடம். வேளாண் கல்லூரியில் படிக்க வந்த ஒரு மலேசியாக்காரனோடு செல்லமணி போனாள். அதற்குப் பின் அப்பா ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரவே இல்லை. இடுப்பு வலி என்று சொல்லி, கடைசித் தூணில் சாய்ந்துகொண்டார்.

அப்பா இறந்தபோது அவள் விமானம் ஏறி வந்தாள். இவர் வாசலில் நின்றார். உள்ளே விடவில்லை.

அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

ஒருவரும் அசையவில்லை.

உன் வீட்டில் என் கை நனையாது என்று அன்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். சொன்ன சொல் நின்றது. சொல் நின்றால்தான் குடும்பம் நிற்கும்.

"வால்பாறைல இல்லாத தேயிலையா? அதுக்கு எட்டு மணி நேரம் பஸ்ல உக்காரோணுமா?"

"வேண்டாமுங்க. கோயிலுக்கே போயிரலாம்."

அவள் உடனே ஒப்புக்கொண்டதுதான் எரிந்தது.

காகிதத்தை மறுபடி எடுத்தார். பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு படம். ஒரே ஒரு இலை. அரிசிம்பருப்புச் சோறு. கத்தரிக்காய்ப் பொரியல். கீழ் ஓரத்தில் உப்பு. படத்தின் கீழ்ப்பக்கமிருந்து ஒரு கை நீண்டு நெய் ஊற்றியது.

அப்போதுதான் கண்ணில் பட்டது.

இலையின் நுனி வலப்பக்கம் இருந்தது.

"பாரு. நுனியை எந்தப் பக்கம் போட்டிருக்கறான்னு பாரு. நம்மூட்டுல பொறந்தவ! ஒரு எலை போடக்கூட மறந்து போச்சு. ஊரான் முன்னால அம்மா பேரையும் எழுதி, எலையையும் மாத்திப் போட்டு..."

குரல் உடைந்தது. ஆனாலும் உள்ளே ஒரு நிம்மதி. தப்பு கையில் கிடைத்துவிட்டது. கண்ணால் பார்க்கிற தப்பு. முப்பத்தாறு வருடத்துக்கும் இது போதும்.

சாரதாமணி விரல்களைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எலை சரியாத்தானுங்க இருக்குது."

"கண்ணு தெரியலயா உனக்கு?"

"படத்த எதுத்தாப்புல நின்னு எடுத்திருக்கறாங்க. பரிமாறறவங்களுக்கு எலை இப்படித்தான் தெரியும்."

அவர் காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"நாப்பத்தி நாலு வருசமா நான் இப்படித்தான் பாக்கறேன்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

எத்தனை கல்யாணம், எத்தனை விருந்து, எத்தனை ஆயிரம் இலை. ஒன்றைக்கூட அவர் அந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை.

காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினார்.

நுனி இடப்பக்கம் வந்தது. உப்பு மேல் ஓரத்துக்குப் போனது. நெய் ஊற்றும் கை எதிரிலிருந்து அவரை நோக்கி நீண்டது. மணிக்கட்டு தடித்திருந்தது. வயதான கை.

இலைக்கு இந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை.

மணி பத்தே முக்கால்.

கோபம் இறங்கவில்லை. பக்கத்து மேஜை மறுபடி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது குரலில் இருந்தது.

"ஒண்ணு சொல்லிப்போட்டேன். நாளைக்கு அங்க வந்து, நீ எந்திரிச்சு அவகூடப் பரிமாறிட்டு நிக்கப்படாது. என்ற பக்கத்துல உக்காரோணும்."

சாரதாமணி பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

கையெழுத்துப் போட வேண்டிய கோடு காகிதத்தின் அடியில் இருந்தது. இப்போது அது மேலே இருந்தது.

அவர் காகிதத்தை நேராக்கவில்லை.