ஒரு கை போதும்

"இதை ஒரு கையால திறக்க முடியுமா தம்பி?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு வருஷமாகத் தவம் கிடந்தவன் அந்த விற்பனையாளன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினான். டக்கென்று அலகு நிமிர்ந்து நின்றது.

கடையிலேயே விலை கூடிய கத்தி அது. வாங்கி வைக்கலாம் என்று யோசனை சொன்ன பாவத்துக்கு, முதலாளி தினமும் அவனைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். இந்த வாரம் விற்காவிட்டால் அவனை மாடிக்கு, பிளாஸ்டிக் வாளிகள் பக்கம் அனுப்பிவிடுவதாகக் காலையில்தான் சொன்னார். சொன்னால் செய்கிற மனுஷர். இப்போதும் கல்லாவிலிருந்து ஒரு கண்ணை இங்கேயே வைத்திருந்தார்.

"அறுக்கும்போது மடங்கிடாதே?" என்றாள் அந்தப் பெண். நாற்பதைத் தாண்டியிருப்பாள். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"லாக் விழுந்துட்டா நீங்களா விடுவிக்கிற வரைக்கும் மடங்காதும்மா. துருவும் பிடிக்காது. யாருக்கு, சாருக்கா?"

"ம். பாக்கெட்ல துருத்திட்டு நிக்குமோ?"

"வெச்சிருக்கறதே தெரியாதும்மா. தினமும் கூடவே எடுத்துட்டுப் போறதுக்குத்தானே இதைச் செஞ்சிருக்காங்க."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை. கைப்பையைத் திறந்து, இரண்டு சாண் நீளக் கறுப்புப் பட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டாள். காரில் இருக்கிற சீட் பெல்ட்.

கத்தியைச் சோதிக்கப் பேப்பரோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறான், கயிறோடு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறான். இது புதுசு. விவரமான அம்மா, வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரே இழுப்பில் பட்டை துண்டானது.

"ஈரமா இருந்தா?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளே நனைத்துக் கொடுத்தாள். அதுவும் அறுந்தது.

"இடது கையால?"

இடது கையாலும் அறுத்தான். அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. பேரம் பேசப் போகிறவர்கள் வைத்துக்கொள்கிற முகம்தானே என்று அவன் மேலும் உற்சாகமானான்.

"இருட்டுல, கண்ணு தெரியாத இடத்துலகூட அறுக்கலாம்மா. பாருங்க." கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் போட்டான். கண்களை மூடிக்கொண்டு, ஒரே கையால் எடுத்துத் திறந்து, மிச்சமிருந்த பட்டையையும் அறுத்தான். "மூச்சுப் பிடிக்கிற நேரம்கூட ஆகலை. பேக் பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் தம்பி."

அவன் கண்முன்னே வாளிகள் வரிசைகட்டி நின்றன. ஆத்திரமாக வந்தது.

"கேட்டதெல்லாம் செஞ்சு காட்டினேன். இதுல என்ன குறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கம்மா."

"ஒரு குறையும் இல்லையே" என்றாள். அறுந்த துண்டுகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "அவருக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் இதே கத்திதான். இவ்வளவு விலையாச்சே, எங்கயாவது தொலைச்சிடுவாருன்னு நானே பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். காரோட ஏரிக்குள்ள போனவரு, பெல்ட்டைக் கழட்ட முடியாம உள்ளேயே இருந்துட்டாரு. ஒரு கடையிலயாவது 'இது அறுக்காது'ன்னு சொல்லிட மாட்டாங்களான்னுதான் தம்பி, கடை கடையா ஏறி இறங்கிட்டிருக்கேன்."