எல்லாரும் மாநிறம்

வெளியூரில் இருக்கும் நீதிபதி திரையில் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். அந்தத் திரையில் எல்லாரும் மாநிறம். முகத்தைத் துணியால் மூடிக்கட்டி, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனின் கேமராப் படமும் மாநிறம், கூண்டில் நிற்கும் ரூபனும் மாநிறம். நிறத்தைப் பார்த்து யாரையும் தண்டிக்கக் கூடாதென்று ஊர் உலகமே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. ரூபனின் மனைவி அமலியும் முதல் ஆளாய்ப் போய்ப் போட்டாள். எங்கே எது களவு போனாலும் அவள் புருஷனைத்தானே போலீஸ் தூக்கிக்கொண்டு போனது.

இப்போது அவளே சாட்சிக் கூண்டில் நின்றாள்.

"ஐயா, அவன் எங்க கடை வாசலைத் தாண்டித்தான் ஓடினான். என் கண்ணால பார்த்தேன். எலுமிச்சம்பழம் மாதிரி செவப்பு. இவரு அட்டக்கரி."

நிறம் சொன்ன இடங்களில் மைக் தானாக அடங்கிப்போனது.

"பார்த்தீங்க, சரி. இவர் இல்லைன்னு எதை வச்சு சொல்றீங்க?" என்றார் நீதிபதி, பொறுமையாகத்தான்.

அவள் மறுபடி சொன்னாள். மைக் மறுபடி அடங்கியது. உயரம் கேட்டார், அதே உயரம். உடல்வாகு கேட்டார், அதுவும் அதேதான்.

அமலி இறங்கி ஓடினாள். போலீஸ்காரர் தடுப்பதற்குள் ரூபனின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, அவன் கையைக் கேமராவுக்கு முன்னால் இழுத்துப் பிடித்தாள்.

"நான் ஒண்ணும் பேசலை. இந்தக் கையை மட்டும் பாருங்கய்யா."

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"அதே கைதானேம்மா" என்றார்.